வாங்கிய கை

ஒரு தாய் தன் பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கிறாள். வாங்கிக்கொண்டவர் திருப்பிக் கொடுக்காமலே இறந்து போகிறார். அதற்கப்புறம் அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது யார்? மூன்று ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. இப்போது இரண்டு மாதமாக இதற்கு ஒரு கெடுவும் சேர்ந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் ஆயாம்மா என்று கூப்பிடுவோம். அது வேலையை வைத்து வந்த பெயர். ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த வருடம் அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. உயரமானவர், ஒல்லி, சத்தமாகப் பேசமாட்டார். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், விடியாத இருட்டிலேயே, பால்வெட்டுக்குப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவரிடம் விடுவார்கள். உத்திரத்தில் பழைய சாரோங்குகளைக் கட்டித் தொட்டில் போட்டிருப்பார். மத்தியானம் வெட்டிய பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. காலையில் எந்தக் கை குழந்தையைக் கொடுத்ததோ அந்தக் கையில்தான் திருப்பிக் கொடுப்பார். அக்காக்காரி தூக்கி வந்து விட்டால் அக்காக்காரிதான் வரவேண்டும். பெற்றவளே வந்து நின்றாலும் நடக்காது. கொடுக்கும்போது குழந்தையின் முகத்தைத் துடைத்து, கைகால்களை நீட்டிக் காட்டி, "குடுத்தது குடுத்தபடி இருக்கு, பாத்துக்க" என்பார். பார்க்காமல் வாங்கினால் விடமாட்டார்.

"பாத்துட்டு வாங்குடி. நாளைக்கு வந்து என்னைக் கேக்கக்கூடாது."

"நீ என்ன ஆயாம்மா, ஒரு காலைப் பிச்சு வச்சுக்கவா போற?"

"வச்சுக்கிட்டா உனக்குத் தெரியணும்ல? பாரு."

என் அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். ஜப்பான் காலத்தில் அரிசி இல்லை. பால்மரத்துக்கு நடுவிலும் மரவள்ளிக்கிழங்கு நடச் சொன்னார்கள். வாத்தியார் வீட்டுப் பெண் என்று விலக்கு இல்லாததால் அம்மாவும் மண்வெட்டி எடுத்தார். கைப்பிள்ளையாக இருந்த என் தம்பி கொட்டகைக்குப் போனான். ஒருநாள் நடவுக்காட்டிலேயே அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அப்பா தம்பியைத் தூக்கிவரப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது, நானும் கூடவே போனேன்.

"புள்ளையக் குடும்மா" என்றார் அப்பா.

"வாத்தியாரம்மா வரலியா?"

"அவளுக்குக் காய்ச்சல். நான்தான் வந்திருக்கேனே."

"நீங்க வந்திருக்கீங்க. புள்ளைய விட்டது வாத்தியாரம்மா."

"நான் யாரும்மா? இவனுக்கு அப்பன்தானே?"

"அப்பன்தான். இல்லன்னு நான் சொன்னேனா?" தொட்டிலை ஆட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை.

வேலையை மேற்பார்க்க அந்த வழியாகப் போன மண்டோர் சிரித்துவிட்டார். "வாத்தியாரே, ஜப்பான்காரன்கிட்டகூடப் பேசி ஒரு காரியத்தை முடிச்சிரலாம். இந்தம்மாகிட்ட முடியாது லா. போயி வீட்டுல இருக்கவங்களக் கூட்டியாங்க."

அம்மா கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க நடந்து வந்தார். ஆயாம்மா தம்பியின் கைகால்களைக் காட்டி அம்மாவிடம் கொடுத்தார். கொடுத்த பிறகு அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்து எங்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே."

"கோவமெல்லாம் இல்லம்மா" என்றார் அப்பா. கோபம் இருந்தது. மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று ஆயாம்மாவே ஒருமுறை என்னிடம் சொன்னார், கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, யாருக்கோ நடந்தது மாதிரி. ஐந்து வயதில் தாயோடு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தாராம். போர்டிக்சன் முகாமில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்தபோது தாயை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தாய் இவரைப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கையில் பிடித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் இன்னொருத்தியிடம் கொடுத்தாள். அவள் ஒரு கங்காணியிடம் கொடுத்தாள். கங்காணி லாரியில் ஏற்றினார். லாரி பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நின்றது. "அம்மா முகாமை விட்டு வெளிய வந்திருந்தா முதக் கையத்தானே தேடியிருக்கும்? அந்தப் பொம்பளைக்கு நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சிருக்காதுல்ல" என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் மகனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அப்போது பதினேழு வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தும், அப்பாவிடம் வந்து எதையாவது கற்றுக்கொண்டே இருப்பார். ஜப்பான்காரன் வந்ததும் அப்பாவைச் சிரம்பானுக்கு வரவழைத்து மூன்று மாதம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்து, பள்ளியில் அதைத்தான் நடத்த வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு அது தொண்டையில் இறங்காத மருந்து. எனக்கும் அப்படித்தான். அண்ணனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி வந்தது. குழந்தைகள் தூங்கும் நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து, பலகைச் சுவரில் கரியால் ஜப்பானிய எழுத்துகளை எழுதிப் பழகுவார். குழந்தை அழுதால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அந்த எழுத்துகளை ராகம் போட்டுச் சொல்வார். குழந்தைகள் தூங்கிவிடும். "என்னமோ, புள்ளைங்களுக்குப் புரியுது" என்பார் ஆயாம்மா. அந்தச் சுவரை மட்டும் அவர் துடைக்கமாட்டார்.

சிரம்பானில் நடந்த பேச்சுப் போட்டியில் அண்ணன் ஜப்பானிய மொழியில் பேசிப் பரிசு வாங்கினார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் குடியிருந்த ஜப்பான் துரை அதைக் கேள்விப்பட்டு, அண்ணனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார்.

ஒருநாள் அந்தத் துரை அப்பாவிடம் இரண்டு காகிதங்களைக் கொடுத்தார். ஒன்று, சயாம் ரயில்பாதை வேலைக்கு எங்கள் தோட்டம் கொடுக்க வேண்டிய பன்னிரண்டு ஆட்களின் பட்டியல். கல்யாணமாகாதவர்கள் முதலில். ஆபீசுக் கிராணி எழுதியிருந்ததில் இரண்டாவது பெயர் அண்ணனுடையது. அதற்கு முன்னாலேயே ஒரு கூட்டம் சயாமுக்குப் போயிருந்தது. போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இன்னொரு காகிதம், நன்றாகப் படிக்கும் இளைஞர்களை ஜப்பானுக்கே அனுப்பி அந்த மொழியையும் பழக்கவழக்கத்தையும் கற்றுக்கொடுப்பது பற்றியது. இரண்டு வருடம். வாத்தியார் சிபாரிசு எழுத வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் அன்று சாப்பிட்டுக்கொண்டே பேசியது எனக்குக் கேட்டது.

"ஜப்பான் எவ்வளவு தூரம்ங்க?"

"கப்பல்ல பல நாள் போகணும்."

"சயாம் கிட்டத்தானே?"

"கிட்டத்தான். போனவன் எவனாச்சும் வந்தானா?"

அம்மா இன்னொரு துண்டுக் கிழங்கை அப்பாவின் தட்டில் வைத்தார். "அவங்ககிட்ட ரெண்டையும் சொல்லிட்டு, அவங்க என்ன சொல்றாங்களோ அதச் செய்ங்க."

"ரெண்டையும் சொன்னா அந்தம்மா ரெண்டும் வேணாம்னு புள்ளையக் காட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிரும். கண்டுபிடிச்சா தாயையும் புள்ளையையும் சேத்து அடிப்பான். நீ பேசாம இரு."

என்னைக் கூப்பிட்டு, ஆயாம்மாவை அழைத்துவரச் சொன்னார். "சயாம்னு வாயத் திறக்கக் கூடாது."

செம்மண் சடக்கில் என்னோடு நடந்து வந்தபோது ஆயாம்மா கேட்டார்: "வாத்தியாரு எதுக்கும்மா கூப்பிடுறாரு? நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"நல்ல சேதி ஆயாம்மா" என்றேன்.

அப்பா சொல்லச் சொன்ன பொய் அல்ல அது. நானாகச் சொன்னது. பன்னிரண்டு வயதுப் பெண் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று என் கணவர் கேட்கிறார். "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை எனக்கு.

அப்பா ஜப்பானை மட்டும் சொன்னார். ஆயாம்மா அவரைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார். அண்ணனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"நீ போகணும்கிறியா?"

"ரெண்டே வருசம்மா. திரும்பி வந்தா ஆபீசுல வேலை. நீ கொட்டகையில கெடக்க வேணாம்."

"கொட்டகை எனக்கு என்னடா பண்ணுச்சு?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

புறப்படும் நாளில் ஆபீசுக்கு முன்னால் லாரி நின்றது. ஜப்பான் துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன், அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு தகரப்பெட்டியோடு நின்றார். துரை லாரியைக் காட்டி ஏறச் சொன்னார். ஆயாம்மா மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இந்த ஆள எனக்குத் தெரியாது. இவரு கையில குடுக்கமாட்டேன்."

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்றார் அண்ணன். ஆறடி உயரம், காதெல்லாம் சிவந்துவிட்டது.

"பாக்கட்டும். வாத்தியாரே, இங்க வாங்க."

அப்பா வந்தார். மகனின் வலது கையை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார் ஆயாம்மா. மேல்துண்டால் மகனின் முகத்தைத் துடைத்தார். "பாத்துக்குங்க. கையி ரெண்டு, காலு ரெண்டு, பல்லு அத்தனையும் இருக்கு. நான் உங்க கையிலதான் குடுத்திருக்கேன். நீங்க யாரு கையில வேணும்னாலும் குடுங்க. அவங்க யாரு கையில வேணும்னாலும் குடுக்கட்டும். ஆனா எனக்குத் திருப்பித் தரவேண்டியது நீங்க."

"தர்றேம்மா" என்றார் அப்பா.

துரை என்னவென்று கேட்டார். அண்ணன்தான் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றி ஆயாம்மாவுக்குத் தலை குனிந்தார். ஆயாம்மாவும் குனிந்தார். அவர்களைக் கண்டால் குனிய வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் பழக்கியிருந்தார்களே, அப்படித்தான்.

சயாமுக்கும் பன்னிரண்டு பேர் குறையாமல் போனார்கள். அண்ணன் பெயர் இருந்த இடத்தில் யாருடைய பெயர் வந்தது என்று நான் அப்பாவைக் கேட்டதில்லை. பன்னிரண்டில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

ஜப்பானிலிருந்து இரண்டு கடித அட்டைகள் வந்தன. அந்த மொழியில்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னார். குளிர் அதிகம். பனி விழுகிறது. மாணவர்களோடு சேர்ந்து தரையைத் துடைக்கிறேன். வயதான ஒரு தம்பதி எங்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள், என்மேல் பிரியமாக இருக்கிறார்கள்.

"அந்தக் கெழவன் கெழவி பேரக் கேட்டு எழுதச் சொல்லுங்க வாத்தியாரே. யாரு கையில இருக்கான்னு தெரியணும்ல."

அப்பா எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்து, தோட்டத்தில் ஜப்பான் எழுத்து எங்கே இருந்தாலும் அழிக்கச் சொன்னார். ஆயாம்மா கொட்டகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். எழுத்து இருந்த பலகைகளை மட்டும் தச்சரைக் கெஞ்சிக் கழற்றி, எழுத்துப் பக்கம் வெளிப்பலகையை ஒட்டி மறைகிற மாதிரி திருப்பி அடிக்கச் சொன்னார். தச்சரும் அதைச் செய்துகொடுத்தார்.

அப்பா சிரம்பானில் ஏறாத ஆபீஸ் இல்லை. எழுதாத கடிதம் இல்லை. ஜப்பானுக்குப் படிக்கப் போனவர்கள் சிலர் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டு, கோலாலம்பூர் வரை போய் ஒருவரைப் பார்த்து வந்தார். அண்ணன் இருந்த ஊரில் குண்டு விழுந்தது என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அதை அப்பா எப்படிச் சொன்னாரோ, ஆயாம்மா கேட்டுக்கொண்டு, "அப்ப இன்னும் தேடணும்" என்றாராம்.

தினமும் சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுப் படிக்கு வந்து நிற்பார். எதுவும் கேட்கமாட்டார். அப்பா, "இன்னும் இல்லம்மா" என்பார். "சரி வாத்தியாரே" என்று போய்விடுவார். சில நாள் அப்பா அவர் வரும் நேரம் பார்த்துப் பின்கட்டுக்குப் போய்விடுவார். அப்போது நான் போய், "அப்பா இல்லை ஆயாம்மா" என்பேன். "சரிம்மா. நாளைக்கு வர்றேன்." கோபம் இல்லாத அந்தக் குரலுக்கு எங்கள் வீடே பயந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு தடவைகூடச் சயாம் பட்டியலைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. "உன் மகனைக் காப்பாற்றத்தான் செய்தேன்" என்று சொன்னால், அவன் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டுமே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா இறந்துபோனார். நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தோம். ஆயாம்மா வந்து, அழாமல், அப்பாவின் வலது கையை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கையைத் திரும்ப வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்பா ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாராம்மா?"

"இல்ல ஆயாம்மா."

"சரிம்மா."

அன்றிலிருந்து நான் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் என் முன்னால் வந்து நிற்கிறார். என் தம்பி முன்னால் நிற்பதில்லை. அம்மா முன்னால் நிற்பதில்லை. அன்று சடக்கில் "நல்ல சேதி" என்று சொன்னது நான்தான் என்பதை அவர் மறக்கவில்லையோ? அல்லது அப்படியெல்லாம் ஒன்றும் இல்லாமல், நான் படித்தவள், வாத்தியாரின் மூத்த பெண் என்பதாலா? 

எனக்குக் கல்யாணமாகி, சிரம்பான் பக்கம் மம்பாவில் இருக்கிறோம். ஆசிரியை வேலையை விட்டுவிட்டேன். எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். அவள் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால்கூட மூக்கில் விரலை வைத்துப் பார்க்கிறவள் நான். இரண்டு மாதங்களுக்கு முன், தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அப்பா பெயருக்கு வந்த ஒரு கடிதத்தை என்னிடம் அனுப்பி வைத்தார்கள். ஜப்பான் தபால்தலை. உள்ளே தமிழ், பல ஆண்டு எழுதாத கையின் தமிழ்.

அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

குண்டு விழுந்து அந்த ஊர் எரிந்தபோது சமைத்துப் போட்ட அந்தத் தம்பதிதான் அவரைத் தூக்கிக்கொண்டு தங்கள் கிராமத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அவர்களுடைய ஒரே மகன் சண்டையில் செத்துப்போனான். தங்கள் பெண்ணை அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்து, தங்கள் குடும்பப் பெயரையும் கொடுத்து, மகனாகவே ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். மகனாக வந்தவன் அந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது. இரண்டு பிள்ளைகள். "என்னைக் கடைசியாகக் கையில் வாங்கியவர்கள் என்னைத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். அவர்களுக்கு வேறு யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் எழுதாததற்குக் காரணம் பயம்தானாம், வேறில்லையாம். "அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வாத்தியார் கையில் விடுகிறேன். அம்மா இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதி வைத்துக் கும்பிட ஒரு சிறு மாடம் இருக்கிறது. வருடக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் அம்மா பெயரையும் எழுதி அதில் வைத்துவிடுவேன்."

என் கணவர் நல்லவர். "சொல்லாதே. செத்துட்டான்னா மனசு ஒருநாள் ஆறும். இருந்தும் வரமாட்டான்னா எப்படி ஆறும்?" என்கிறார். அம்மா, "அன்னிக்கே ரெண்டையும் சொல்லச் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொல்ல நினைப்பது ஆயாம்மாவுக்காகவா, சயாம் கதையையும் சேர்த்துச் சொல்லி என் அப்பாவை நல்லவராக்கிக் கொள்வதற்காகவா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கணவரும் வந்தார். ஆயாம்மாவுக்கு முடி நரைத்துவிட்டது. இன்னும் கொட்டகைதான். குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். அவர் மடியில் போட்டுக் காலை ஆட்ட, அது தூங்கிவிட்டது. எழுத்தை உள்ளே மறைத்துத் திருப்பி அடித்த பலகைச் சுவரில் அவர் முதுகு சாய்ந்திருந்தது. நான் பைக்குள் கையை விட்டேன். வெறுங்கையை வெளியே எடுத்தேன். மறுபடி உள்ளே விட்டேன்.

"பசியாறிட்டுத்தானே வந்தீங்க?" என்றார்.

"ஆமா ஆயாம்மா."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் கணவர் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினார். ஆயாம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார், கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். குழந்தையின் முகத்தைத் துடைத்து, தூங்கும் குழந்தையின் கைகால்களை மெதுவாக நீட்டிக் காட்டினார்.

"குடுத்தது குடுத்தபடி இருக்கு, பாத்துக்க."

பார்த்தேன். வாங்கிக்கொண்டேன். குழந்தை என்னிடம் வந்த பிறகும் அவர் இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன. எதற்கென்று அவருக்கும் தெரிந்திருக்காது. நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

சகோதரிகளே, உங்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். இப்படி ஒரு செய்தி உங்கள் மகனைப் பற்றி என் பையில் இருந்தால் நான் படித்துக் காட்ட வேண்டும் என்பீர்களா? படித்தால், சயாம் பட்டியலையும் சொல்லவா, விட்டுவிடவா? அவரிடம் மறைத்து, அண்ணனுக்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடுவது சரியாகுமா? தயவுசெய்து பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், தாமதிக்காதீர்கள். வருடக் கடைசிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. அதற்குள் நான் ஒன்றும் செய்யாமல் போனால், இங்கே கொட்டகையில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருப்பவரின் பெயரை அங்கே ஒரு மாடத்தில் வைத்து, அவர் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.